லூப்யான்கா: காப்பீட்டு அலுவலகம் சிறையான கதை



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், உளவுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "சார், லூப்யான்கா லூப்யான்கா என்கிறார்களே, அது ஆளா, ஊரா?" என்று கேட்டிருந்தார். இரண்டும் இல்லை. மாஸ்கோவில் கிரெம்ளினிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு சதுக்கத்தின் பெயர். அங்கே நிற்கும் மஞ்சள் நிறக் கட்டடத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. ரஷ்யப் புரட்சியை வகுப்பில் நடத்தியபோது இதைச் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. இப்போது கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் 'ரஷ்யா' என்ற காப்பீட்டு நிறுவனம் தன் அலுவலகத்துக்காகக் கட்டிய மாளிகை இது. தரைத்தளத்தில் கடைகள், மேலே வாடகை வீடுகள். ரஷ்ய மொழியில் 'ஸ்த்ராஹ்' என்றால் பயம். காப்பீட்டுக்கான சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். தீ, திருட்டு, மரணம் என்ற பயங்களுக்கு ஈடு தர எழுந்த கட்டடம், பிறகு பயத்தையே உண்டாக்கும் இடமாயிற்று.

1917 டிசம்பரில், புரட்சி நடந்த சில வாரங்களிலேயே, 'செக்கா' என்ற ரகசியப் போலீஸ் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஜெர்ஜின்ஸ்கி. 1918இல் தலைநகர் மாஸ்கோவுக்கு மாறியது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் அரசுடைமையாக, இந்த மாளிகை செக்காவின் கைக்குப் போனது. துறையின் பெயர் பிறகு பலமுறை மாறியது: ஓ.ஜி.பி.யூ., என்.கே.வி.டி., கே.ஜி.பி., இன்று எஃப்.எஸ்.பி. முகவரி மட்டும் மாறவில்லை.

முற்றத்துக்குள் இருந்த ஒரு கட்டடம் 'உள் சிறை' ஆனது. வெளியே சாலையில் போகிறவருக்கு அது தெரியாது. கைதிகள் காற்று வாங்கவும் கீழே இறக்கப்படவில்லை. மொட்டை மாடியில் உயரமான சுவர்களுக்குள் நடக்கவிட்டார்கள். 1945இல் அங்கே இருந்த சோல்செனித்சின் இதையெல்லாம் பின்னாளில் எழுதினார். ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் காவலர்கள் நாக்கால் ஒலி எழுப்பியபடி அழைத்துப்போவார்களாம். மாஸ்கோவாசிகள் மெதுவான குரலில் ஒரு வேடிக்கை சொல்வதுண்டு: ஊரிலேயே உயரமான கட்டடம் இதுதான், இதன் பாதாள அறையிலிருந்தே சைபீரியா தெரியும்!

1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சோவியத் நாட்டில் சுடப்பட்டவர்கள், அந்த அரசின் ஆவணக் கணக்குப்படியே, ஏறக்குறைய 6,80,000 பேர். உத்தரவு போட்டவர்களும் தப்பவில்லை. இந்தத் துறையின் தலைவர்களாக இருந்த யகோதா 1938இலும், யெஷோவ் 1940இலும், பெரியா 1953இலும் சுடப்பட்டார்கள்.

கொன்றதோடு முடிந்திருந்தால் இதை இவ்வளவு விரிவாக எழுதமாட்டேன். கொன்றதையும் மறைத்தார்கள். "கடிதப் போக்குவரத்து உரிமையின்றி பத்தாண்டுச் சிறை" என்று குடும்பத்தாரிடம் சொல்வார்கள். அதற்கு அர்த்தம், ஆள் ஏற்கெனவே இல்லை என்பது. எழுத்தாளர் ஐசக் பாபெல் 1939 மே மாதம் கைதாகி லூப்யான்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1940 ஜனவரி 27 அன்று சுடப்பட்டார். 1941 மார்ச்சில் இறந்ததாகக் குடும்பத்துக்குப் பின்னர் பொய்த் தேதி தந்தார்கள். பறித்துப்போன கையெழுத்துப் பிரதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஹங்கேரியில் ஆயிரக்கணக்கான யூதர்களைக் காப்பாற்றிய சுவீடன் நாட்டுத் தூதரக அதிகாரி ரவுல் வாலன்பர்க், 1947இலேயே லூப்யான்காவில் இறந்துவிட்டார் என்று சோவியத் அரசு சொன்னது 1957இல்!

நம் நாட்டவரும் இதில் அகப்பட்டார்கள். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, ஆங்கிலேயரை எதிர்த்து ஐரோப்பா முழுக்க அலைந்தவர். கடைசியில் லெனின்கிராடில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். லூப்யான்காவின் ஆணைக்குக் கட்டுப்பட்ட அதே போலீஸ் 1937இல் அவரை அங்கே கைது செய்தது. செப்டம்பர் 2ஆம் தேதி சுட்டுக் கொன்றது.

1957இல் இந்தக் கட்டடத்துக்கு எதிரே 'குழந்தைகள் உலகம்' என்ற பெரிய கடையைத் திறந்தார்கள். மறு ஆண்டு சதுக்கத்தின் நடுவே ஜெர்ஜின்ஸ்கிக்குச் சிலை எழுந்தது. 1991 ஆகஸ்டில், ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றதும், மக்கள் திரண்டு நிற்க அதைக் கிரேன் வைத்து இறக்கினார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1990 அக்டோபர் 30 அன்று, அதே சதுக்கத்தில் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். ஆரம்பகாலச் சிறைமுகாம் இருந்த சலவெத்ஸ்கி தீவிலிருந்து கொண்டுவந்த சாதாரணப் பாறை அது. 2007 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 29 அன்று, 'மெமோரியல்' என்ற அமைப்பின் ஏற்பாட்டில், மக்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் கையிலிருக்கும் தாளைப் பார்த்துப் படிப்பார்கள்: பெயர், வயது, தொழில், சுடப்பட்ட நாள். காலை முதல் இரவு வரை படித்தும் பட்டியல் தீராது. சிலர் கடைசியில், "என் தாத்தா" என்று இன்னொரு பெயரையும் சேர்ப்பார்கள்.

தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டவன் நான். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்போம் அல்லவா? லூப்யான்கா காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நாடே பயந்தது. கல்லின் முன்னே நின்றவர்கள் அதைத்தான் உரக்கக் கேட்டார்கள்.

2020இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டிச் சதுக்கத்தில் கூடுவதைத் தடுத்தார்கள். பெயர்களை இணையத்தில் படித்தார்கள். 2021 டிசம்பரில் மெமோரியல் அமைப்பையே கலைக்க ரஷ்ய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மறு ஆண்டு அதற்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கு கிடைத்தது.

உங்களில் யாராவது மாஸ்கோ போனால், மஞ்சள் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்தக் கல்லின் அருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். மெல்லிய குரலில் சொன்னாலும் போதும்:

வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா. வயது 56. ஆராய்ச்சியாளர். சுடப்பட்ட நாள் 1937 செப்டம்பர் 2.