பி-38: கழுத்தில் தொங்கிய கருவி

பி-38 என்பது 1942-ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவத்துக்காகச் சிகாகோவில் வடிவமைக்கப்பட்ட, மடங்கும் சிறு டப்பா திறப்பான் ஆகும். நீளம் 38 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப்போரில் களத்திலிருந்த வீரர்களின் உணவு பெரும்பாலும் தகர டப்பாக்களிலேயே வந்தது. திறக்க வழியில்லையென்றால் கையில் உணவிருந்தும் பட்டினிதான்.

இதன் அமைப்பு மிக எளிது. உருக்குத் தகட்டில் வெட்டிய இரு துண்டுகள், அவற்றை இணைக்கும் ஒரு கீல், அவ்வளவே. வளைந்த அலகை விரித்து, தகட்டிலுள்ள பள்ளத்தை டப்பாவின் விளிம்பில் மாட்டி மணிக்கட்டைத் திருப்பினால் அலகு மூடியில் இறங்கும். பிறகு சற்று நகர்த்தி மீண்டும் திருப்ப வேண்டும்.

மூலையிலிருந்த துளையில் கோத்து, வீரர்கள் இதை அடையாள வில்லைச் சங்கிலியிலும் சாவிக்கொத்திலும் மாட்டிக்கொண்டனர். எப்போதும் உடம்போடு இருந்ததால், எண்ணியிராத வேலைகளும் இதற்கு வந்து சேர்ந்தன: திருகாணி முடுக்குவது, நூல் அறுப்பது, நக அழுக்கெடுப்பது, காலணிச் சேற்றைச் சுரண்டுவது. பத்து அலகுகள் கொண்ட கத்தி வீட்டு மேசையறையில் கிடந்தால் இவ்வளவு உதவாது.

மரைன் படையினர் இதை நடிகர் பெயரால் ‘ஜான் வெய்ன்’ என்றழைத்தனர். 1980-களில் பைகளில் அடைத்த உணவு வந்ததும் களத்தில் டப்பாக்கள் மறைந்தன. ஓய்வுபெற்ற வீரர்கள் பலர் பி-38ஐச் சாவிக்கொத்திலிருந்து கழற்றவில்லை.