அக்காவின் இமையும் தைமஸ் கட்டியும்

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். இடது கண் இமை பாதி இறங்கியிருந்தது. "என்ன சார், கண்ல?" என்று கேட்டேன். "வயசாயிடுச்சுல்ல. படுத்து எழுந்தா சரியாயிடுது, கொஞ்ச நேரம் நடந்தா, பேப்பர் படிச்சா இறங்கிடுது" என்றார். அதைக் கேட்டதும் என் பெரியக்காதான் நினைவுக்கு வந்தாள். "உடனே நரம்பு டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1977ஆம் வருடம். அக்காவுக்கு 34 வயது. வருடா வருடம் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பது அவள் வேலை. அந்த வருடம் நாலைந்து பழம் வீசியவுடன் கை தூக்க முடியவில்லை என்று கூடையைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. காலையில் தலை பின்னிக்கொள்வாள், மாலையில் சீப்பைப் பிடிக்க முடியாது. சாப்பாட்டில் முதல் நாலு கவளம் நன்றாக இறங்கும், அப்புறம் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டுதான் மெல்ல முடியும். பேசப் பேசக் குரல் மூக்கடைத்ததுபோல் ஆகிவிடும். இமைகள் இறங்கும். படுத்து எழுந்தால் எல்லாம் சரி!

இந்த "படுத்தால் சரி" என்பதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. புகுந்த வீட்டில் சோம்பேறி என்றார்கள். ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் மனசுதான் காரணம் என்றார். திருநள்ளாற்றில் எள் தீபம் போட்டோம், நாகூர் தர்காவிலும் போய் உட்கார்ந்தோம். நானும் ஒரு நாள், "நடிக்காதே அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவும் அப்போது அவளுக்குக் குரல் இல்லை.

மறு வருடம் மாயவரத்தில் ரயிலேறி எழும்பூர் போய், சென்னையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். அவர் அக்காவை இமைக்காமல் மேலே மின்விசிறியைப் பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு இமைகளும் இறங்கிவிட்டன. நியோஸ்டிக்மின் என்று ஓர் ஊசி போட்டார். கால் மணி, இருபது நிமிடம் இருக்கும். அக்கா கண்களை அகலத் திறந்து என்னைப் பார்த்து, "பசிக்குதுடா" என்றாள், பழைய குரலில். கேன்டீனில் தாடையைப் பிடிக்காமல் நாலு இட்லி சாப்பிட்டாள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த ஊசியின் பலன் இரண்டு மூன்று மணி நேரம்தான். ஆனால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது: மயஸ்தீனியா கிராவிஸ். அடுத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால், எலுமிச்சம்பழ அளவில் ஒரு நிழல். தைமஸ் சுரப்பியில் கட்டி.

கண் இமைக்கும் நெஞ்சுக்குள் இருக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? அன்று அப்பா கேட்ட கேள்வி இது. ஓய்வு பெற்றபின் தேடித் தேடிப் படித்துத்தான் எனக்கு விடை புரிந்தது.

இந்த நோயை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ். பேசிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு முழுதும் நின்றுபோகும் ஒரு பெண்ணைப் பற்றி 1672ல் எழுதினார். அவள் நடிக்கிறாள் என்று அவர் எழுதவில்லை. அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் ஜெர்மனியின் எர்ப், போலந்தின் கோல்ட்ஃபிளாம் ஆகியோர் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். பெர்லினில் ஜாலி என்பவர் 1895ல் பெயர் வைத்தார். கடுமையான தசை வலுவின்மை என்பதுதான் அதன் பொருள்.

1901ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வைகர்ட் என்ற நோய்க்குறியியல் நிபுணர், இந்த நோயில் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது தைமஸில் கட்டியைக் கண்டார். ஆனால் தைமஸ் எதற்கு இருக்கிறது என்றே அன்று யாருக்கும் தெரியாது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும் உறுப்பு அது. 1936ல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பிளாலாக் என்ற அறுவை நிபுணர் ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை எடுத்தார். அவள் தேறினாள். சில ஆண்டுகள் கவனித்துவிட்டு 1939ல் அதை வெளியிட்டார். பின்னாளில் நீலக் குழந்தைகளுக்கான இதய அறுவையால் உலகப் புகழ் பெற்றவரும் இவர்தான்.

மருந்து வேறு வழியில் வந்தது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவும் க்யூராரே விஷம், நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் கிளாட் பெர்னார் காட்டியிருந்தார். 1934ல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், தன் நோயாளி க்யூராரே விஷம் ஏறியவர்போலவே இருப்பதைக் கவனித்தார். அந்த விஷத்தின் முறிவான ஃபைசோஸ்டிக்மினைப் போட்டுப் பார்த்தார். இமை எழுந்தது. அடுத்த ஆண்டு நியோஸ்டிக்மின் வந்தது. நம் பக்கத்து வயல்களில் பாம்பு கடித்தவருக்கு, முக்கியமாக நல்ல பாம்பு கடித்து இமை தொங்குபவருக்கு, விஷமுறிவு மருந்தோடு போடுவதும் இதே ஊசிதான்.

காரணம் தெரியவும் பாம்புதான் உதவியது. நம் கட்டுவிரியனுக்குப் பங்காளி ஒன்று தைவானில் உண்டு. அதன் விஷத்திலுள்ள ஒரு புரதம், நரம்பின் செய்தியைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் கொண்டு 1970ல் பாரிஸில் ஷான்ஷோவும் அவருடன் இருந்தவர்களும் மின்விலாங்கு மீனிலிருந்து அந்த ஏற்பியை அடையாளம் கண்டார்கள். மூன்று வருடம் கழித்து அமெரிக்காவில் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் இருவரும் அதே ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்தது. அந்த எதிர்ப்பொருள் முயலின் சொந்தத் தசையையே தாக்க, அவை துவண்டு விழுந்தன. நியோஸ்டிக்மின் போட்டதும் எழுந்தன! நம் உடலின் காவல்படையே நம்மைத் தாக்குகிறது என்று 1960லேயே ஸ்காட்லாந்தின் சிம்சன் சொன்னது இப்படி நிரூபணமாயிற்று.

தைமஸின் வேலை என்ன என்பதை ஜாக் மில்லர் என்பவர் 1961ல் காட்டினார். காவல்படையின் டி செல்களுக்கு அது பயிற்சிப் பள்ளி. யார் நம்மவர், யார் அந்நியர் என்று அங்கேதான் பாடம் நடக்கிறது. பள்ளியில் கட்டி வந்தால் பாடம் கெடுகிறது. தப்பாகப் பயின்ற செல்கள் வெளியே வந்து, தசையின் ஏற்பியை எதிரி என்று காட்டிக் கொடுக்கின்றன. அப்பாவின் கேள்விக்கு விடை இதுதான்.

தைமஸ் கட்டி அபூர்வம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். தசை நோய் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் கட்டி இருக்கும். கட்டி உள்ளவர்களிலோ ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தசை நோய் இருக்கும். மெதுவாக வளர்வதால் தீங்கற்ற கட்டி என்பார்கள். ஆனால் உறையை மீறிப் பரவவும் கூடும் என்பதால், இப்போது அதை அப்படியே விட்டு வைப்பதில்லை. கட்டி இல்லாதவர்களில் பலருக்கும் தைமஸை எடுப்பது பலன் தருகிறது என்று 126 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2016ல் காட்டியது.

அக்காவுக்கு நெஞ்செலும்பைப் பிளந்து கட்டியை எடுத்தார்கள். மறுநாளே குணமாகிவிடவில்லை. மாத்திரைகள் வருடக்கணக்கில் தொடர்ந்தன, மெல்ல மெல்லக் குறைந்தன. மூன்றாவது வருட மாங்கனித் திருவிழாவில் ஒரு கூடைப் பழத்தையும் அவளே வீசினாள். அதன்பின் 29 வருடம் இருந்தாள். நடிகர் அமிதாப் பச்சன் தமக்கும் இந்த நோய் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னதைப் பத்திரிகையில் படித்தபோது, "பாருடா, அவரு நடிக்கிறவருதான், ஆனா இதை நடிக்க முடியாது" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் மறந்திருக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய் இளம்பெண்களுக்கு மட்டுமல்ல, அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கும் வரும். இமை இறங்குவது, உருவம் இரண்டாகத் தெரிவது, மெல்லும்போது தாடை ஓய்வது, இவை வேலை செய்யச் செய்யக் கூடி, ஓய்வில் குறைந்தால் வயதின்மேல் பழி போடாதீர்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் இருப்பவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் தசையை இன்னும் தளர்த்திவிடலாம்.

நண்பர் புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்விட்டு வந்தார். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதாம். ஸ்கேனில் கட்டி இல்லை. மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் போன் செய்து, பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன் என்றார்.