கே டன் யார்?

அமெரிக்க ஆண்கள் இதழான எஸ்குவயரின் 1939 நவம்பர் இதழில், மார்த்தினிக் தீவின் ‘அக்யா’ என்ற சண்டை நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. எழுதியவர் கே டன். அதே ஆண்டு செப்டம்பர் இதழிலும் இதே பெயர் வருகிறது. கரீபிய நடனங்களைப் பற்றித் தகவல் திரட்டிக்கொண்டிருந்த எனக்கு இந்த ஆள் பிடிபடவே இல்லை. நூலக அட்டவணைகளில் அந்தப் பெயரில் மானிடவியலாளர் யாரும் கிடைக்கவில்லை, நடன விமர்சகரும் கிடைக்கவில்லை. கே என்பது ஆண் பெயரா பெண் பெயரா என்பதும் தெரியவில்லை.

முடிச்சை அவிழ்த்தது வேவே கிளார்க்கும் சாரா ஜான்சனும் தொகுத்து 2005இல் வெளிவந்த ‘கைசோ!’ என்ற பெருந்தொகுப்பு. கே டன் என்பவர் கேத்தரின் டன்ஹாம். 1909இல் பிறந்து 2006இல் மறைந்தவர். அமெரிக்க நவீன நடனத்துக்குள் கரீபிய, ஆப்பிரிக்க அசைவுகளைக் கொண்டுவந்து, டன்ஹாம் முறை என்று இன்றும் கற்பிக்கப்படும் பயிற்சியை உருவாக்கியவர். பிற்காலத்தில் பல்கலைக்கழக ஆசிரியர்.

ஆள் யாரென்று தெரிந்ததும் வேறொரு கேள்வி முளைத்தது. அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன: இளமையில் ஆய்வு மாணவி, நடுவில் மேடை நட்சத்திரம், முதுமையில் பேராசிரியர். மூன்று தனித்தனி வாழ்க்கைகள் போல. அக்யா கட்டுரை இதில் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. 1939இல் அவர் மேடைக்காரர், எழுதியதோ களஆய்வு. அதனால் டன்ஹாமின் வாழ்க்கையை விட்டுவிட்டு, அக்யா என்ற ஒரே ஒரு நடனம் எந்தெந்த ஆவணங்களில் தலைகாட்டுகிறது என்று தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் ஒரு படச்சுருள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்துக்கொண்டிருந்த டன்ஹாமுக்கு 1935இல் ரோசன்வால்ட் நிதியத்தின் உதவித்தொகை கிடைத்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸிடம் களப்பணிக்குத் தயாராகி, ஜமைக்கா, மார்த்தினிக், டிரினிடாட், ஹைத்தி என்று சுற்றினார். கையில் ஒரு சிறு திரைப்படக் கருவியும் இருந்தது. 1936இல் மார்த்தினிக்கில் அவர் பதிவு செய்த அக்யா, இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. டோரிஸ் டியூக் அறக்கட்டளை தந்த 10 லட்சம் டாலர் உதவியால் டன்ஹாம் தொகுப்பை அந்த நூலகம் வாங்கியது.

கறுப்பு வெள்ளையில் ஒலியில்லாத சில நிமிடத் துண்டு அது. இரண்டு ஆண்கள் வட்டமிடுகிறார்கள். ஒருவர் பாய்வதுபோல் போக்குக் காட்டி விலகுகிறார். மற்றவர் அந்த விலகலையே தன் அடுத்த அடியாக்கிக்கொள்கிறார். சிலம்பக் களத்தில் கம்பு மோதுவதற்கு முன் இருவர் கால்வரிசையாலேயே ஒருவரையொருவர் அளந்து பார்ப்பார்களே, அதே கவனம். அக்யாவை நடத்துவது மேளம். ஆனால் படத்தில் மேளச் சத்தம் இல்லை. தாளம் எங்கே விழுகிறது என்பதை ஆடுபவர்களின் முழங்காலைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது தடயம் ஒரு நாடகத் தேதி. 1938 ஜனவரி 27, சிகாகோவின் கிரேட் நார்தர்ன் தியேட்டர். ‘லாக்யா’ என்ற டன்ஹாமின் நடன நாடகம் அன்று அரங்கேறியது. பணம் போட்டது அரசு. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த கலைஞர்களுக்காக நடந்த கூட்டாட்சி நாடகத் திட்டம் அது. 1939 ஜூன் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை வெட்டியதும் திட்டம் முடிந்தது. அதன் காகிதங்களும் கண்ணில் படாமல் போயின. 1974இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால்டிமோருக்கு அருகே பழைய விமானக் கொட்டகை ஒன்றில் அவற்றைக் கண்டெடுத்தார்கள். இந்தத் திட்டத்தின் மேடைப் படைப்புகளைத் தேடுகிற எவருக்கும் அந்தக் கண்டெடுப்புக்கு முந்தைய நூல்கள் ஏன் மெலிந்திருக்கின்றன என்பது இப்போது புரியும்.

லாக்யாவின் கதை மார்த்தினிக்கின் வோக்லாங் என்ற மீனவ ஊரில் நடக்கிறது. லூலூஸும் அல்சீதும் காதலர்கள். லூலூஸ் மேல் ஆசைப்பட்ட ஜூலோ, காட்டுக்குள் போய் ஜோம்பிகளின் அரசனிடம் வசிய மருந்து வாங்கி வருகிறான். ஊர்த் திருவிழாவில் லூலூஸ் அதற்கு மயங்கி ஆடுகிறாள். அல்சீத் குறுக்கே பாய்கிறான். இரு ஆண்களும் அக்யா சண்டையில் இறங்க, அல்சீத் சாகிறான். லூலூஸாக ஆடியவர் டன்ஹாம். இசை ராபர்ட் சாண்டர்ஸ். ஆடைகள் ஜான் பிராட். பின்னாளில் டன்ஹாமின் கணவர். கதை புனைவு, ஆனால் உச்சக்கட்டத்தில் அந்த இருவர் போடும் சண்டை படச்சுருளிலிருந்து வந்தது.

மூன்றாவது தடயம், நாம் தொடங்கிய எஸ்குவயர் கட்டுரை. நான்காவதை எதிர்பார்த்து நான் போனது டன்ஹாமின் முதுகலை ஆய்வேட்டுக்கு. அதில் அக்யாவுக்கு இடமில்லை. அது முழுக்க ஹைத்தி நடனங்களைப் பற்றியது. ஆய்வேடு எழுதினாரே தவிரப் பட்டம் பெறாமல் மேடைக்குப் போய்விட்டார். அது 1947இல் மெக்சிகோவில் அச்சேறியது. பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ்.

இந்தத் தேதிகளை வரிசைப்படுத்தினால் ஒன்று தெளிவாகிறது. 1936இல் களப்பதிவு, 1938இல் மேடை, 1939இல் அச்சு. மார்த்தினிக் களப்பணியின் முடிவை அச்சிலும் தந்தார். ஆனால் அது மேடையேறி ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆன பிறகு, புனைபெயரில், வெகுஜன இதழில். அக்யாவைப் பொறுத்தவரை ஆய்வு முதலில் வெளியானது மேடையில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகக் காலத்தைப் பார்த்தபோது அதுவும் வேறு மாதிரி தெரிந்தது. 1960களின் நடுவில் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகம் அவரை வருகைக் கலைஞராக அழைத்தது. கார்பண்டேல் வளாகத்தில் இசை நாடகத்துக்கு நடனம் அமைக்க வந்தவர் அங்கேயே நிற்கவில்லை. 1967இல் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். ஆலைகள் மூடி, வேலையில்லாத கறுப்பின இளைஞர்கள் தெருவில் நின்ற ஊர். பல்கலைக்கழகத்தின் பெயரில் அங்கே நிகழ்கலைப் பயிற்சி மையம் தொடங்கினார். செனகலிலிருந்து மேளக் கலைஞர் மோர் தியாமை வரவழைத்தார். நடன வகுப்பு என்றால் எட்டிப் பார்க்காத பையன்களை மேளமும் தற்காப்புக் கலையும் உள்ளே இழுத்தன. மார்த்தினிக்கில் அவர் படம் பிடித்த கலையிலும் இருந்தவை இவ்விரண்டுதான்: மேளம், சண்டை.

டன்ஹாமின் காகிதங்கள் இன்று கார்பண்டேலிலும் செயின்ட் லூயிஸில் உள்ள மிசூரி வரலாற்றுச் சங்கத்திலும் வாஷிங்டனிலும் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு டன்ஹாம் கிடைக்கிறார். அதனால்தான் மூன்று வாழ்க்கைகள் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. நடனக்காரர் முதுமையில் பேராசிரியர் ஆனார் என்று எழுதுவது வசதி, ஆனால் தவறு. 26 வயதில் களத்துக்குப் போனபோதே அவர் ஆய்வாளர், ஆய்வுமுடிவை எழுதிக் காட்டுவதற்கு முன் ஆடிக் காட்டியவர். அவரது ஆய்வு வெளியீடுகளின் பட்டியலை இனி யாராவது தயாரித்தால், அக்யா என்ற தலைப்பின்கீழ் முதல் வரியில் ஒரு தியேட்டர் பெயர் இருக்க வேண்டும்.