வெயிலில் கிடந்த கித்தா

பாட்டி வீட்டுச் சமையலறையில் எல்.இ.டி. கூரைவிளக்கு மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. வாங்கும்போது பால்போல இருந்த அதன் பிளாஸ்டிக் மூடி இப்போது பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. “எண்ணெய்ப் புகைடா, சோப்பு போட்டுத் தேய்” என்றார் பாட்டி. தேய்த்தேன். பிசுக்கு போனது, மஞ்சள் போகவில்லை. “அப்போ வெயில்ல கெடந்த கித்தா மாதிரி ஆயிருச்சு” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருஷம் பால்மரம் சீவியவர்.

நான் பொறியியல் படித்தவன். அந்த ஒரு வரி எவ்வளவு சரி என்று புரிய எனக்குச் சில நாள் பிடித்தது.

‘கித்தா’ என்பது மலாய் ‘கெத்தா’விலிருந்து நம் தோட்டத் தமிழுக்கு வந்த சொல். அதே ‘கெத்தா’தான் ஆங்கிலத்தில் ‘கட்டா பெர்ச்சா’ ஆனது. அது மலாயாக் காடுகளின் தாபான் மரத்துப் பால். மலாய்க்காரர்கள் அதில் பாராங் கைப்பிடி செய்தார்கள். 1840களில் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கொமெரி அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீர் புகாது என்பதால் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறை ஆனது. 1851இல் ஆங்கிலக் கால்வாய், 1866இல் அட்லாண்டிக். பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் நம் காடுகளில் தாபான் அருகிப்போனது.

இருளும் குளிருமான கடலடியில் அந்த உறை பல பத்தாண்டுகள் நின்றது. கிழக்கிந்தியாவின் வெப்பத்தில் தந்திக் கம்பியின் மேல் இருந்தது நொறுங்கியது. 1861இல் வேதியியலாளர் ஹாஃப்மன் காரணம் சொன்னார்: அது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. செயற்கை பிளாஸ்டிக் உலகம் பிறக்கும் முன்பே அதன் முதுமை நம் பக்கத்துப் பொருளை வைத்துப் படிக்கப்பட்டுவிட்டது. ரப்பரும் கட்டா பெர்ச்சாவும் ஒரே மூலக்கூறுச் சங்கிலிதான், அடுக்கு மட்டும் வேறு. பாட்டியின் உவமை தப்பே இல்லை.

சரி, விளக்கு மூடிக்கு என்ன ஆனது? பழைய குழல்விளக்கில் பாதரசம் புற ஊதாக் கதிரை உண்டாக்கும். கொஞ்சம் வெளியேயும் கசியும். அதன்மேல் பழி போடலாம். வெள்ளை எல்.இ.டி.யில் அது ஏறக்குறைய இல்லை. உள்ளே இருப்பது சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி. அதில் ஒரு பகுதியைப் பாஸ்பர் பூச்சு மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. நாகமுரா 1993இல் கொண்டுவந்த பிரகாசமான நீல விளக்கின் வாரிசு இது. அந்த நீலத்துக்குத்தான் 2014இல் மூவருக்கு நோபல் கிடைத்தது.

ஆனால் மூடிய கூட்டுக்குள் சூடு தேங்குகிறது. ஜன்னல் வெயில் வெளியிலிருந்து அடிக்கிறது. ஆக்சிஜன் எப்போதும் உண்டு. வருஷக் கணக்கில் இவை சேர்ந்து பிளாஸ்டிக்கின் சங்கிலியைத் தாக்கும்போது, நீலத்தை விழுங்கும் புதிய அமைப்புகள் அதில் முளைக்கின்றன. நீலம் குறைந்தால் கண்ணுக்கு மஞ்சள்தான் மிச்சம். விழுங்கிய ஒளியும் சூடாக மாறுகிறது. அதனால் மஞ்சள் மேலும் மஞ்சளை வளர்க்கும். மலிவான பாலிஸ்டைரின் இதில் சீக்கிரம் விழும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் காப்புப்பொருள் சேர்க்காவிட்டால் மஞ்சளாகும். அக்ரிலிக்தான் நன்றாகத் தாங்கும். காப்புப்பொருளும் தீர்ந்துபோகக்கூடியது. சில வகைகள் வேலை செய்து முடித்ததும் தாங்களே மஞ்சளாகிவிடும்.

புது விளக்கு வாங்கி வந்தேன். பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன்.

“மூடிக்குமா?” என்றார்.

மறுபடி பார்த்தேன். அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் சில்லின் வெளிச்சத்துக்கு மட்டும். மூடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.