பெட்ரோல், ஹைபிரிட், எலெக்ட்ரிக்: சத்தியவேட்டில் ஒரு கி.மீ. ஓட்ட எவ்வளவு ஆகும்?

ஸ்ரீசிட்டியில் வேலை, சத்தியவேட்டில் வீடு. தினமும் போக வர 40 கி.மீ., மாதம் 25 நாள். அதாவது மாதத்துக்கு 1,000 கி.மீ. இப்படி ஒருவர் கார் வாங்க நினைத்தால் எதை வாங்கலாம்?

முதலில் பெட்ரோல் விலை. 2025 நிலவரப்படி ஆந்திராவில் லிட்டர் சுமார் 110 ரூபாய். எல்லை தாண்டி ஊத்துக்கோட்டைக்குப் போனால் சுமார் 101. காரணம் வரி. ஆந்திராவில் 31% வாட், அதற்கு மேல் லிட்டருக்கு 4 ரூபாய், சாலை செஸ் 1 ரூபாய். தமிழ்நாட்டில் 13%, கூடவே லிட்டருக்கு 11.52 ரூபாய்.

அப்போ ஊத்துக்கோட்டை போய் டேங்க் நிரப்பலாமா? 35 லிட்டருக்கு 315 ரூபாய் மிச்சம். ஆனால் போக வர 30 கி.மீ.க்குக் குறையாது; அதற்கே 200 ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போயிடும். வேறு வேலையாகப் போகும்போது போட்டுக்கொண்டால்தான் லாபம்.

மாதச் செலவு எவ்வளவு?

நிறுவனங்கள் சொல்லும் மைலேஜை அப்படியே நம்ப வேண்டாம். கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிடுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 27.97 கி.மீ. ரோட்டில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. நம் கணக்குக்கு பெட்ரோல் கார் லிட்டருக்கு 15, ஹைபிரிட் 21, எலெக்ட்ரிக் கார் யூனிட்டுக்கு 6 கி.மீ. (சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரமும் சேர்த்து) என்று வைத்துக்கொள்வோம்.

பெட்ரோல் கார்: கி.மீ.க்கு 7.33 ரூபாய், மாதம் சுமார் 7,330. ஹைபிரிட்: 5.24 ரூபாய், மாதம் 5,240. எலெக்ட்ரிக் காருக்கு 167 யூனிட் வேண்டும். இங்கேதான் பலர் தப்புக் கணக்கு போடுகிறார்கள். வீட்டின் சராசரி யூனிட் விலையை எடுக்கக் கூடாது. காருக்கான யூனிட் எப்போதும் பில்லின் கடைசி அடுக்கில்தான் விழும். ஆந்திராவில் 126 முதல் 225 யூனிட் வரை 6 ரூபாய், 226 முதல் 400 வரை 8.75, அதற்கு மேல் 9.75. வீட்டுக்கு ஏற்கெனவே 200 யூனிட் ஆகிறது என்றால் கார் சேர்ப்பது சுமார் 1,400 ரூபாய். ஏசி ஓடும் மே மாதத்தில் 1,600-ஐயும் தாண்டலாம்.

வீட்டில் பிளக் இல்லையென்றால் கதை வேறு. பொது ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய், 18% ஜிஎஸ்டி தனி என்று வைத்தால் மாதம் 3,930 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் வீட்டுக்காரரிடம் பேசிவிடுவது நல்லது.

கூடுதலாகக் கொடுத்த விலை எப்போது திரும்பும்?

பெட்ரோல் காரைவிட ஹைபிரிட் 2 லட்சம், எலெக்ட்ரிக் 3 லட்சம் அதிகம் என்று கொள்வோம். ஹைபிரிடில் அதை மீட்க 8 வருடம். எலெக்ட்ரிக்கில் வீட்டுச் சார்ஜிங் என்றால் 4 வருடம் 3 மாதம். பொது சார்ஜரை மட்டும் நம்பினால் 7 வருடத்துக்கு மேல். மாதம் 400 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு வீட்டில் சார்ஜ் போட்டாலும் 10 வருடம் தாண்டும்.

ஹைபிரிடின் பலம் நின்று நின்று போகும் டிராஃபிக்கில்தான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி சார்ஜ் ஏறும். சென்னை அண்ணா சாலையில் கிடைக்கிற அந்த லாபம் இந்தப் பக்கத்துத் திறந்த ரோட்டில் குறைந்துவிடும். அதனால் இங்கே ஹைபிரிடுக்கு என் ஓட்டு இல்லை.

இன்னொரு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18% ஆனது. எலெக்ட்ரிக்குக்கு அதே 5% தொடர்கிறது. இருவிதக் கார்களுக்கும் நடுவே இருந்த வரி இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் எலெக்ட்ரிக்குக்கு 15%, ஹைபிரிடுக்கு 7.5% தள்ளுபடி உண்டு.

காரே வேண்டாம், ஸ்கூட்டர் போதும் என்பவர்களுக்கு: அதே 1,000 கி.மீ.க்கு, லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் 2,440 ரூபாய் கேட்கும். யூனிட்டுக்கு 30 கி.மீ. ஓடும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு 300 ரூபாய்கூட ஆகாது. 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் 14 மாதத்தில் திரும்பிவிடும்.