சென்னை மாநிலத் துடுப்பாட்ட அணியின் 1954-55 பருவம்

சென்னை மாநிலத் துடுப்பாட்ட அணியின் 1954-55 பருவம் என்பது, இந்தியாவின் முதன்மையான உள்நாட்டுத் துடுப்பாட்டப் போட்டியாகிய இரஞ்சிக் கோப்பையை இன்றைய தமிழ்நாட்டு அணி முதன்முறையாக வென்ற பருவம் ஆகும். இந்தூரில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் ஹோல்கர் அணியைச் சென்னை அணி 46 ஓட்டங்களால் தோற்கடித்தது. பாலு அழகனன் அணித்தலைவராக இருந்தார். 636 ஓட்டங்களும் 13 விக்கெட்டுகளும் எடுத்த ஏ. ஜி. கிருபால் சிங் இவ்வெற்றிக்கு முதன்மைக் காரணமானவராகக் கருதப்படுகிறார்.

இப்பருவம் மற்றொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. மொழிவாரி மாநிலங்கள் அமைவதற்கு முந்தைய நில எல்லைகளின்படி அமைந்த அணிகள் இதில் மோதின. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது சென்னை மாநிலத்தில் இல்லை. அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்தது. அம்மாநிலத்தின் அணி இதே தென் மண்டலத்தில் சென்னை அணிக்கு எதிரணியாக ஆடியது.

பின்னணி

இரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் 1934-35 பருவத்தில் தொடங்கின. நவாநகர் அரசரும் இங்கிலாந்து அணிக்காக ஆடியவருமான இரஞ்சித்சிங்ஜியின் நினைவாக இக்கோப்பைக்குப் பெயர் சூட்டப்பட்டது. கோப்பையை வழங்கியவர் பாட்டியாலா அரசர் பூபிந்தர் சிங் ஆவார்.

இத்தொடரின் முதல் ஆட்டமே சென்னை அணியின் ஆட்டம்தான். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. மைசூர் 48, 59 ஓட்டங்களுக்கு இருமுறை ஆட்டமிழந்தது. சென்னை ஒரே இன்னிங்ஸில் 130 ஓட்டங்கள் எடுத்து, ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்டங்களால் வென்றது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. இதில் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகள் வீழ்த்தியவர் ஏ. ஜி. இராம் சிங். இவர் கிருபால் சிங்கின் தந்தை ஆவார்.

இவ்வாறு சிறப்பாகத் தொடங்கிய போதிலும் கோப்பை இருபது ஆண்டுகள் சென்னை அணிக்குக் கிட்டவில்லை. 1935-36 இறுதிப் போட்டியில் பம்பாய் அணியிடம் 190 ஓட்டங்களாலும், 1940-41 இறுதிப் போட்டியில் மகாராட்டிர அணியிடம் 6 விக்கெட்டுகளாலும் தோற்றது. 1954-55 இல் ஆடியது அவ்வணியின் மூன்றாவது இறுதிப் போட்டி ஆகும்.

போட்டி முறை

அக்காலத்தில் போட்டிகள் மண்டல அளவிலான வெளியேற்ற முறையில் நடைபெற்றன. அதாவது ஓர் ஆட்டத்தில் தோற்ற அணி அப்பருவத்திலிருந்தே வெளியேற வேண்டும். மண்டலங்களில் வென்ற அணிகள் அடுத்த கட்டங்களில் ஒன்றையொன்று எதிர்கொண்டன. மண்டலத்திற்குள் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு ஆடும் முறை 1957-58 பருவத்தில்தான் வந்தது. எனவே ஒரு பருவத்தில் ஓர் அணிக்குக் கிடைத்த ஆட்டங்கள் மிகச் சில. ஒரு மோசமான பிற்பகல் ஓராண்டுப் பயிற்சியை வீணாக்கிவிடக்கூடும்.

தென் மண்டலத்தில் சென்னை, மைசூர், ஐதராபாத், ஆந்திரா, திருவிதாங்கூர்-கொச்சி ஆகிய அணிகள் இருந்தன. இவற்றுள் ஆந்திரா மிகப் புதியது. 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்ததை அடுத்து, 1953-54 பருவத்தில் அவ்வணி இரஞ்சிக் கோப்பையில் நுழைந்தது. திருவிதாங்கூர்-கொச்சி அணி 1951-52 பருவத்திலிருந்து ஆடிவந்தது.

அணி

அணித்தலைவர் பாலு அழகனன் பின்னாளில் வானொலி வர்ணனையாளராகவும் புகழ்பெற்றார். சி. டி. கோபிநாத் இந்திய அணிக்காக ஏற்கெனவே ஆடியவர். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது அவர் அணியில் இருந்தார்.

கிருபால் சிங்குக்கு அப்போது வயது 21. வலக்கை மட்டையாளரான இவர் சுழற்பந்தும் வீசினார். பெயரின் முன்னெழுத்துகளாகிய ஏ. ஜி. என்பவை அமிர்தசர் கோவிந்த்சிங் என்பதன் சுருக்கம். பஞ்சாபைப் பூர்வீகமாகக் கொண்ட சீக்கியக் குடும்பமாயினும் இக்குடும்பத்தினர் தலைமுறைகளாகச் சென்னைத் துடுப்பாட்டத்தோடு பிணைந்தவர்கள். இவருடைய தம்பி மில்கா சிங்கும் பின்னர் இந்திய அணிக்காக ஆடினார்.

பருவத்தின் போக்கு

திருவிதாங்கூர்-கொச்சி அணிக்கு எதிராகக் கிருபால் சிங் 208 ஓட்டங்கள் குவித்தார். முதல்தரத் துடுப்பாட்டத்தில் அவர் எடுத்த மிகக்கூடிய ஓட்ட எண்ணிக்கை இதுவே ஆகும்.

அரை இறுதியில் சென்னை அணி வங்காள அணியை எதிர்கொண்டது. கிருபால் சிங் முதல் இன்னிங்ஸில் 98 ஓட்டங்களும் இரண்டாம் இன்னிங்ஸில் 97 ஓட்டங்களும் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் இரு சதங்கள் என்ற அரிய சாதனை ஐந்தே ஓட்டங்களில் தவறியது. பந்துவீச்சில் 18 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளையும் கைப்பற்றினார். சென்னை அணி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

இறுதிப் போட்டி

எதிரணியான ஹோல்கர், அன்றைய இந்தியாவின் வலிமை மிக்க அணிகளுள் ஒன்று. இந்தூரைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹோல்கர் சமத்தானத்தின் பெயரால் அமைந்த இவ்வணி, 1944-45 முதல் 1954-55 வரையான பதினொரு பருவங்களில் பத்து முறை இறுதிப் போட்டிக்கு வந்தது. சி. கே. நாயுடுவின் தலைமையில் 1945-46, 1947-48, 1950-51, 1952-53 ஆகிய பருவங்களில் கோப்பையை வென்றது. முஷ்டாக் அலி, சந்து சர்வடே போன்ற டெஸ்ட் வீரர்கள் இவ்வணியின் புகழுக்குக் காரணமாயினர். இத்தகைய அணியை அதன் சொந்த ஊரிலேயே சென்னை அணி சந்திக்க நேர்ந்தது.

ஓட்ட விவரம் பின்வருமாறு:

சென்னை, முதல் இன்னிங்ஸ்: 478
ஹோல்கர், முதல் இன்னிங்ஸ்: 417
சென்னை, இரண்டாம் இன்னிங்ஸ்: 311
ஹோல்கர், இரண்டாம் இன்னிங்ஸ்: 326
முடிவு: சென்னை 46 ஓட்டங்களால் வெற்றி

முதல் இன்னிங்ஸில் சென்னைக்குக் கிடைத்த முன்னிலை 61 ஓட்டங்கள். அதனோடு இரண்டாம் இன்னிங்ஸின் 311 ஓட்டங்களும் சேர, ஹோல்கர் அணியின் வெற்றி இலக்கு 373 ஆயிற்று. நான்காவது இன்னிங்ஸில் ஆடுகளம் தேய்ந்திருக்கும் என்பதால் இது கடினமான இலக்கு. எனினும் ஹோல்கர் அணி 326 ஓட்டங்கள் வரை எட்டியது. இறுதி வெற்றி வேறுபாடு முதல் இன்னிங்ஸ் முன்னிலையைவிடச் சிறியது என்பது கவனிக்கத்தக்கது. அதாவது இரண்டாம் இன்னிங்ஸை மட்டும் கணக்கில் கொண்டால் ஹோல்கர் அணியே 15 ஓட்டங்கள் கூடுதலாக எடுத்தது. முதலில் சேர்த்த 61 ஓட்டங்களே கோப்பையைத் தீர்மானித்தன.

இரஞ்சிக் கோப்பையின் வெளியேற்ற ஆட்டங்களில் முடிவு எட்டப்படாவிடின் முதல் இன்னிங்ஸ் முன்னிலை பெற்ற அணி வென்றதாக அறிவிக்கப்படுவது வழக்கம். இவ்விறுதிப் போட்டியில் அத்தகைய கணக்கு தேவைப்படவில்லை. நான்கு இன்னிங்ஸ்களும் ஆடப்பட்டு, 1532 ஓட்டங்களுக்குப் பின்னர், முழுமையான வெற்றியாகவே அது அமைந்தது.

கிருபால் சிங் இவ்வாட்டத்தில் 75, 91 ஓட்டங்களும் ஏழு விக்கெட்டுகளும் எடுத்தார். அரை இறுதியையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தவை 98, 97, 75, 91. ஒரு சதம்கூட இல்லாமல் மொத்தம் 361 ஓட்டங்கள். பருவம் முழுவதும் அவர் எடுத்த 13 விக்கெட்டுகளில் 11 இவ்விரு ஆட்டங்களிலேயே கிடைத்தவை. சாதனைப் பட்டியல்களில் சதங்களே இடம்பெறுவதால் இத்தகைய பங்களிப்பு எளிதில் மறக்கப்பட்டுவிடுகிறது.

நாஞ்சில் நாடும் இப்பருவமும்

நாஞ்சில் நாடு என்பது அகத்தீசுவரம், தோவாளை வட்டங்களைக் குறிக்கும் பழம்பெயர். இவையும் கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் திருவிதாங்கூர் சமத்தானத்தில் இருந்தன. 1949 சூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது இந்நான்கு வட்டங்களும் புதிய மாநிலத்தில் அடங்கின. தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த இப்பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் எனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. மார்சல் நேசமணி இப்போராட்டத்தின் முதன்மைத் தலைவர் ஆவார். 1954 ஆகத்து 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அப்போது பட்டம் தாணுப் பிள்ளை முதலமைச்சராக இருந்தார்.

இந்நிகழ்வை அடுத்து வந்த பருவமே 1954-55. சென்னை அணி கோப்பையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, சென்னை மாநிலத்தோடு இணையக் கோரிய நாகர்கோவில் மக்கள், விளையாட்டு வரைபடத்தின்படி எதிரணியின் எல்லைக்குள் இருந்தனர். மறுபுறம், கேரளத் துடுப்பாட்டத்தின் தொட்டில் எனப் போற்றப்படும் தலச்சேரி, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்திற்குள் இருந்தது.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது இந்நிலை தலைகீழாக மாறியது. நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. மலபார் கேரளத்திற்குச் சென்றது. திருவிதாங்கூர்-கொச்சி அணி 1957-58 பருவம் முதல் கேரள அணி என்ற பெயரில் ஆடத் தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் கால்பந்து செல்வாக்குப் பெற்ற விளையாட்டாக விளங்கினாலும், துடுப்பாட்டத்தில் மாநில அளவில் ஆட விரும்பும் அம்மாவட்ட இளைஞர் நோக்கும் அணி அதன் பின்னர் மாறிவிட்டது.

பின் நிகழ்வுகள்

தோற்ற அணியின் கதையும் எல்லை மாற்றத்தின் கதையே. ஹோல்கர் சமத்தானம் 1948 இலேயே மத்திய பாரதத்தில் இணைந்துவிட்டது. சமத்தானம் மறைந்த பின்னரும் அதன் பெயர் துடுப்பாட்டத்தில் ஏழு ஆண்டுகள் நீடித்தது. 1955 இல் அணி கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் மத்திய பாரத அணியும் பின்னர் மத்தியப் பிரதேச அணியும் வந்தன. எனவே ஹோல்கர் என்ற பெயர் இடம்பெற்ற கடைசி இரஞ்சி இறுதிப் போட்டி இதுவே ஆகும். அவ்வழியில் வந்த மத்தியப் பிரதேச அணி 2021-22 பருவத்தில்தான் தன் முதல் கோப்பையை வென்றது.

கிருபால் சிங் 1955 நவம்பரில் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் ஆடி, ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் எடுத்தார். மொத்தம் 14 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடிய அவர் 1987 இல் காலமானார்.

சென்னை அணியின் இரண்டாவது வெற்றி 33 ஆண்டுகள் கழித்தே கிட்டியது. இடையில் 1967-68, 1972-73 பருவங்களின் இறுதிப் போட்டிகளில் பம்பாய் அணியிடம் தோற்றது. 1969 இல் மாநிலத்தின் பெயர் மாற்றப்பட்டதை அடுத்து அணியும் தமிழ்நாடு அணி எனப் பெயர் பெற்றது. 1987-88 பருவத்தில் எஸ். வாசுதேவன் தலைமையில் இரயில்வே அணியை ஓர் இன்னிங்ஸ், 144 ஓட்டங்களால் வென்று மீண்டும் கோப்பையைக் கைப்பற்றியது. இப்போட்டி சேப்பாக்கத்தில் நடைபெற்றது. அதன் பின்னர் 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15 ஆகிய பருவங்களில் இறுதிப் போட்டிக்கு வந்தும் வெற்றி கிட்டவில்லை. 2024-25 பருவம் முடிய, பன்னிரண்டு இறுதிப் போட்டிகளில் இரண்டில் மட்டுமே தமிழ்நாடு வென்றுள்ளது. அவ்விரண்டில், எதிரணியின் சொந்த மண்ணில் பெற்ற ஒரே வெற்றி 1954-55 பருவத்தின் இந்தூர் வெற்றியே ஆகும்.