சென்ட்ரானிக்ஸ் முதல் ஐபிபி வரை: பழைய அச்சுப்பொறியும் புதிய கணினியும்

அச்சுப்பொறி ஒன்றைக் கணினியோடு இணைப்பது பார்வைக்கு ஒரே செயலாகத் தோன்றினாலும், அதற்குள் மூன்று தனித்தனி உடன்பாடுகள் அடங்கியுள்ளன. கேபிளின் முனைகள் இருபுறமும் பொருந்த வேண்டும். அதில் ஓடும் மின்குறிகளை எப்போது அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்பதில் இரு கருவிகளும் ஒத்துப்போக வேண்டும். வந்து சேர்ந்த குறிகளுக்கு என்ன பொருள் என்பதை அச்சுப்பொறி அறிந்திருக்க வேண்டும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இம்மூன்றும் வெவ்வேறு வேகத்தில் மாறிவந்ததன் விளைவாக, 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி இன்றைய கணினியோடு அதிகச் சிக்கலின்றி இணைந்துவிட, அதைவிட இருபதாண்டு இளைய லேசர் அச்சுப்பொறி இணைய மறுக்கும் விந்தை நேர்ந்துள்ளது. அச்சிடுவதற்கு வேண்டிய அறிவு எந்தக் காலத்தில் எந்தக் கருவிக்குள் வைக்கப்பட்டது என்பதைப் பின்தொடர்ந்தால் இந்த விந்தை விளங்கும்.

பழைய அச்சுப்பொறிகளின் பின்புறம் காணப்படும், இருபக்கமும் கம்பிக் கொக்கிகள் கொண்ட அகன்ற 36 முனை இணைப்பி, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹட்சன் என்னும் ஊரில் இயங்கிய சென்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெயராலேயே வழங்குகிறது. அந்நிறுவனம் 1970இல் வெளியிட்ட 101 என்னும் மாதிரி, செங்குத்தாக அடுக்கப்பட்ட ஏழு ஊசிகளை ரிப்பனின் மீது அடித்து, புள்ளிகளால் எழுத்தை உருவாக்கி, நொடிக்கு 165 எழுத்துகள் வரை அச்சிட்டது. அதைக் கணினியோடு இணைப்பதற்கான முறையை ராபர்ட் ஹோவர்டும் பிரென்டிஸ் ராபின்சனும் வகுத்தனர். சென்ட்ரானிக்ஸின் தாய் நிறுவனமாகிய வாங் லேபாரட்டரீஸ் தன் கணிப்பான்களுக்காக வாங்கியிருந்த ஆம்பினால் இணைப்பிகளில் ஏறத்தாழ 20,000 மிஞ்சிக் கிடந்ததால் அவற்றையே இவர்கள் பயன்படுத்திக்கொண்டனர் என்றும், 36 முனைகளில் 21 மட்டுமே உண்மையில் தேவைப்பட்டன என்றும் இத்துறையின் வரலாற்றில் பதிவாகியுள்ளது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலக அலுவலகங்களை ஆண்ட ஓர் இணைப்பியின் வடிவம் இவ்வாறு கிடங்கில் தேங்கிய சரக்கினால் முடிவானது. சென்ட்ரானிக்ஸ் தன் அச்சுப்பொறித் தொழிலை 1987இல் ஜெனிகாம் நிறுவனத்துக்கு விற்றுவிட்ட பின்னரும் கேபிளில் அதன் பெயர் நிலைத்தது.

இம்முறை பேரலல் இணைப்பு, அதாவது இணைவழி இணைப்பு எனப்பட்டது. ஓர் எழுத்துக்குரிய எட்டு இருமக் குறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வராமல், எட்டுத் தனிக் கம்பிகளில் ஒரே நேரத்தில் வருவதால் அமைந்த பெயர் அது. கணினி எட்டுக் கம்பிகளிலும் குறிகளை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரோப் எனப்படும் ஒன்பதாவது கம்பியில் குறைந்தது அரை மைக்ரோநொடி நீளும் ஒரு துடிப்பை அனுப்பும். அச்சுப்பொறி அதைக் கண்டதும் எழுத்தை வாங்கிக்கொண்டு, பிஸி என்னும் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தான் வேலையில் இருப்பதைத் தெரிவிக்கும். வேலை முடிந்ததும் அக்கம்பியைத் தாழ்த்தி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் துடிப்பை வேறொரு கம்பியில் திருப்பி அனுப்பும். கீழிருந்து செங்கல்லை எறியும் சித்தாள், மேலே நிற்கும் கொத்தனாரின் கை காலியாகும்வரை அடுத்த கல்லை எறியாமல் காத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. தாள் தீர்ந்ததை அறிவிக்க ஒரு கம்பி, பழுதை அறிவிக்க ஒரு கம்பி என மேலும் சில சேர்ந்தன. இவற்றில் எதற்கும் தனி மென்பொருள் வேண்டியதில்லை என்பதும், ஐந்து வோல்ட் மின்குறிகளை ஏற்றி இறக்கத் தெரிந்த எந்தச் சிறு கருவியும் இந்த உரையாடலை நடத்த முடியும் என்பதும் பின்னாளில் பெரிதும் பயன்பட்டன.

மூன்றாவது உடன்பாடாகிய பொருள் உணர்த்தும் மொழியை நிலைநிறுத்தியது ஜப்பானின் எப்சன் நிறுவனம். 1980இல் அது வெளியிட்ட எம்எக்ஸ்-80, ஒன்பது ஊசிகளுடன் நொடிக்கு 80 எழுத்துகள் அச்சிட்டது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியபோது, எப்சன் செய்த இதே பொறியையே தன் பெயரிட்டு 5152 என்னும் எண்ணில் உடன் விற்றது. எழுத்துகளின் வடிவங்கள் அச்சுப்பொறியின் நினைவகச் சில்லிலேயே பதிந்திருந்தமையால், கணினி ஓர் எழுத்தின் எண்ணை மட்டும் அனுப்பினால் போதுமாக இருந்தது. தடித்த எழுத்து, குறுகிய எழுத்து, வரி இடைவெளி போன்றவற்றுக்கு எஸ்கேப் எனப்படும் 27ஆம் எண்ணை முன்னிட்ட சிறு கட்டளைகள் வகுக்கப்பட்டன. இக்கட்டளைத் தொகுதி பிற்பாடு ஈஎஸ்சி/பி என்னும் பெயரில் விரிவடைந்தது; போட்டி நிறுவனங்களும் அதையே பின்பற்றியதால் எழுதப்படாத பொதுமொழியாயிற்று. இணைப்பியில் ஐபிஎம் ஒரு மாற்றத்தைச் செய்தது. கணினிப் பக்கத்தில் 36 முனைக்குப் பதிலாக 25 முனை கொண்ட சிறிய இணைப்பியை வைத்ததால், ஒருமுனை 25, மறுமுனை 36 என அமைந்த கேபிளே வழக்கமாயிற்று.

அந்தக் கணினியின் டாஸ் இயங்குதளம் இந்த இணைப்புவாயை எல்பிடி1 என்றும் பிஆர்என் என்றும் பெயரிட்டு ஒரு கோப்பைப் போலவே நடத்தியது. கோப்பைப் பிஆர்என் என்னும் பெயருக்கு நகலெடு என்று கட்டளையிட்டால் அது தாளில் அச்சாகும். இப்பெயர்கள் ஒதுக்கப்பட்டவையாகவே தொடர்ந்ததால், விண்டோஸில் பிஆர்என் என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைக்க முயல்வோர் இன்றும் மறுக்கப்படுவதுண்டு.

1984இல் ஹியூலெட்-பேக்கார்ட் வெளியிட்ட லேசர்ஜெட், அங்குலத்துக்கு 300 புள்ளி நுணுக்கத்துடன் பிசிஎல் என்னும் தன் கட்டளைமொழியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டர் இதைவிடத் துணிந்த வழியை மேற்கொண்டது. ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகியோர் 1982இல் தொடங்கிய அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட், பக்கம் முழுவதையும் ஒரு நிரலாக விவரிக்கும் மொழி. கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது, எழுத்து எந்த அளவில் எங்கே நிற்கிறது என்பதை அந்நிரல் சொல்ல, புள்ளிகளாக மாற்றும் பொறுப்பை அச்சுப்பொறி ஏற்கும். அதற்காக லேசர்ரைட்டருக்குள் 12 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மோட்டோரோலா 68000 செயலியும் 1.5 மெகாபைட் நினைவகமும் வைக்கப்பட்டன. அதை இயக்கிய மேக்கின்டாஷ் கணினியைவிட அச்சுப்பொறியே ஆற்றல் மிக்கதாய், 6,995 டாலர் விலையில் விற்றது. அறிவு முழுவதும் அச்சுப்பொறிக்குள் குடியிருந்த உச்சக்கட்டம் இதுவே. போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த எந்தக் கணினியும், தகுந்த மாற்றி மட்டும் கிடைத்தால், இன்றும் அத்தகைய பொறிக்கு வேலை தர இயலும்.

அச்சுப்பொறிகளுக்குள் மொழிகள் பெருகப் பெருக, கணினிக்குள் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் முக்கியத்துவம் பெற்றது. பயனர் எழுதிய ஆவணத்தைக் குறிப்பிட்ட பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது அதன் பணி. அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வெகு முன்பே எழுந்துவிட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்தியிருந்தார். 1980ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனம் அளித்த புதிய லேசர் அச்சுப்பொறிக்கு அதே திருத்தத்தைச் செய்ய மூலநிரல் கிடைக்காமற்போன அனுபவத்தையே, 1983இல் தாம் அறிவித்த குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பின்னணியாக அவர் பலமுறை எடுத்துரைத்துள்ளார்.

1990களில் காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. கணினிகளின் செயலி வேகமும் நினைவகமும் பெருகியதால், அச்சுப்பொறிக்குள் இன்னொரு விலையுயர்ந்த செயலி எதற்கு என்று உற்பத்தியாளர்கள் கணக்கிட்டனர். பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலை முழுவதும் கணினிக்கே திரும்பியது. அச்சுப்பொறி, வந்த புள்ளிகளைத் தாளில் இடும் பொறியாகச் சுருங்கியது. விண்டோஸின் வரைகலைப் பகுதியாகிய ஜிடிஐயைச் சார்ந்திருந்தமையால் இவை ஜிடிஐ அச்சுப்பொறிகள் எனப்பட்டன. விலை சரிந்ததால் சிறு கடைகளும் வீடுகளும் லேசர் அச்சை எட்டிப்பிடித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் புள்ளிகளைச் சுருக்கி அனுப்பும் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்ட, வெளியிடப்படாத ஒன்றாக இருந்தது. 2005இல் வந்த லேசர்ஜெட் 1020 இப்போக்கின் எல்லை எனலாம்: தன்னை இயக்கும் அடிப்படை நிரலைக்கூட நிலையாக வைத்துக்கொள்ளாத அப்பொறி, ஒவ்வொரு முறை மின்சாரம் அணைந்து எரியும்போதும் அந்நிரலைக் கணினியின் இயக்கியிடமிருந்து புதிதாகப் பெற்றாக வேண்டும்.

இதற்கிடையே கேபிளும் மாறியது. ஒருவழியாகவே பெரிதும் பயன்பட்ட இணைவழி இணைப்பை இருவழியாக்கி, அதன் விரைவை நொடிக்கு 2 மெகாபைட் வரை உயர்த்தும் ஐஇஇஇ 1284 என்னும் தரம் 1994இல் ஏற்கப்பட்டது. ஆனால் ஈராண்டிலேயே, 1996 ஜனவரியில், யூஎஸ்பியின் முதல் வரையறை வெளியாயிற்று. 1998இல் ஆப்பிளின் ஐமேக் பழைய இணைப்புவாய்களை அறவே விட்டுவிட்டு யூஎஸ்பியோடு வந்தபின் பிறரும் படிப்படியாக அவ்வழியே சென்றனர்.

முனைகளை இணைக்கும் மாற்றுக் கேபிள்கள் விரைவிலேயே சந்தைக்கு வந்தன. ஒருமுனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் 36 முனை இணைப்பியும் கொண்ட இவற்றின் நடுவே, ஸ்ட்ரோப், பிஸி உரையாடலை நடத்தும் ஒரு சில்லு அமர்ந்திருக்கும். எனினும் இந்தக் கேபிள் கணினிக்குள் எல்பிடி1 இணைப்புவாயை உண்டாக்குவதில்லை. தன்னை ஒரு யூஎஸ்பி அச்சுப்பொறியாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் மென்பொருள்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எல்பிடி1க்கு நேரடியாக எழுதும் டாஸ் காலத்து மென்பொருளோ திகைத்து நின்றுவிடும். அதனால் அச்சுப்பொறியைப் பிணையத்தில் பகிர்ந்துகொண்டு, நெட் யூஸ் என்னும் கட்டளையால் எல்பிடி1 என்னும் பெயரை அப்பகிர்வின் பக்கம் திருப்பிவிடும் உத்தி, பழைய பில்லிங் மென்பொருளை விட மனமில்லாத கடைகளின் கணினிகளைப் பேணியவர்களிடையே பரவியது.

இந்தியாவில் இச்சிக்கல் நீடித்ததற்குத் தக்க காரணமுண்டு. ஊசி அடிக்கும் அச்சுப்பொறி ஒன்றே ஒரே அடியில் பல படிகளை எடுக்க வல்லது. சரக்கு விற்பனைக்கான விலைப்பட்டியலை மூன்று படிகளாகத் தயாரிக்க வேண்டும் என்று 2017இல் வந்த சரக்கு சேவை வரி விதிகளும் கூறியதால், டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசைப் பொறிகளும் எப்சனின் எல்எக்ஸ் வரிசைப் பொறிகளும் மருந்துக் கடைகளிலும் லாரி புக்கிங் அலுவலகங்களிலும் கிறீச்சிட்டபடி உழைத்தன. ஆனால் அவற்றின் நினைவகச் சில்லில் பொதுவாகத் தமிழ் எழுத்துகள் இருந்ததில்லை. தமிழில் அச்சிட வேண்டுமாயின் ஒவ்வொரு வரியையும் படமாகவே அனுப்பியாக வேண்டும் என்பதும், படமுறை எழுத்துமுறையைவிட மிக மெதுவானது என்பதும், கடை பில்களில் அரிசியும் பருப்பும் ஆங்கில எழுத்தில் அச்சாகிவந்ததற்கு ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கவை.

இயங்குதளம் 64 இருமத்துக்கு மாறியது அடுத்த தடை. 64 இரும விண்டோஸ் பழைய 32 இரும இயக்கிகளை ஏற்காது, 16 இரும மென்பொருள்களை அடியோடு இயக்காது. விற்பனையை நிறுத்திவிட்ட பொறிகளுக்குப் புதிய இயக்கி எழுதித்தர உற்பத்தியாளர்களுக்கு ஊக்கமும் இல்லை. இவ்விடத்தில்தான் எம்எக்ஸ்-80 வகையின் எளிமை பலன் தந்தது. வெறும் எழுத்துகளை மட்டும் அனுப்பும் பொது உரை இயக்கி விண்டோஸிலேயே உள்ளதால், அப்பொறிகள் உற்பத்தியாளரின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2021இல் விண்டோஸின் அச்சுப் பணியகத்தில் பிரிண்ட்நைட்மேர் எனப்பட்ட பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபின், அயல் நிறுவனங்களின் இயக்கிகள் மீதான ஐயம் வலுத்தது. மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்த திட்டத்தில், அத்தகைய இயக்கிகளை விண்டோஸ் அப்டேட் வழியே வழங்குவதை 2025 முதல் 2027 வரை படிப்படியாகக் குறைப்பதென்றும், ஐபிபி என்னும் பொது நெறிமுறையையே முதன்மையாக்குவதென்றும் முடிவு செய்தது.

ஐபிபி, இணையம் வழியே அச்சுப்பணிகளை அனுப்பவும் பொறியின் திறன்களைக் கேட்டறியவும் 1999இல் முதல் வடிவம் பெற்ற நெறிமுறை. மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கிய கப்ஸ் என்னும் அச்சு மேலாண்மை மென்பொருள் இதனை அடித்தளமாகக் கொண்டது. 2002இல் ஆப்பிளின் இயங்குதளம் கப்ஸை ஏற்றது. 2010இல் வந்த ஏர்பிரிண்ட் இயக்கியே இல்லாமல் கைப்பேசியிலிருந்து அச்சிட வழிசெய்தது. பழைய பொறிகள் இவற்றில் எதையும் அறியாதவை. ஆகவே இரண்டுக்கும் நடுவே ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியை வைத்து, அதில் கப்ஸை நிறுவி, மாற்றுக் கேபிளால் பழைய பொறியை அதனோடு இணைக்கும் முறை வழக்கத்துக்கு வந்துள்ளது. புதிய கணினிக்கும் கைப்பேசிக்கும் அச்சிறு கணினி நவீன அச்சுப்பொறியாகத் தோன்றும். அது பெற்ற பக்கத்தை, 1988இல் பீட்டர் டாய்ச் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற மென்பொருளின் துணையால் பழைய பொறியின் மொழிக்கு மாற்றி அனுப்பும்.

இம்முறையில் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட், ஈஎஸ்சி/பி அறிந்த பொறிகள் பெரும்பாலும் தடையின்றி இயங்குகின்றன. இடறுபவை ஜிடிஐ வகையினவே. லேசர்ஜெட் 1020க்கு, அதன் இரகசிய வடிவத்தைத் தன்னார்வ நிரலாளர்கள் ஆராய்ந்து எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் என்னும் திறந்த இயக்கி உள்ளது. இந்தியக் கடைகளில் பரவலாக விற்ற கேனான் எல்பிபி2900இன் நிலை இன்னும் கடினமானது: அந்நிறுவனம் லினக்ஸுக்கு வெளியிட்ட இயக்கி இன்டெல் வகைச் செயலிக்கென்றே தொகுக்கப்பட்டது, ராஸ்பெரி பையின் செயலியோ ஆர்ம் வகை. ஆகவே அங்கே அப்பொறியை ஓட்ட விரும்புவோர், கேப்ட்டிரைவர் என்னும் பெயரில் ஆர்வலர்கள் எழுதிய மாற்று இயக்கியின் மூலநிரலைத் தாங்களே தொகுத்துக்கொள்கின்றனர்.